வீட்டுப் பாடத்தில் டிஎன்ஏ: பட்டாணி, ஸ்ட்ரா, பேனா ஸ்பிரிங்

டிஎன்ஏ என்ற மரபுப் பொருளைப் பற்றிய பாடத்தைப் பெரும்பாலானவர்கள் முறுக்கிய ஏணிப் படத்திலிருந்து தொடங்குகிறார்கள். குழந்தையும் நாலு நிறத்தில் அழகாக வரைந்துவிடும். "சரி, இது உன் உடம்பில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் "ரத்தத்தில்" என்றோ "மூளையில்" என்றோ பதில் வரும். படம் மனதில் நின்றுவிட்டது, பொருள் நிற்கவில்லை. அதனால் இந்தப் பாடத்தில் வரிசை முக்கியம். டிஎன்ஏ எங்கே இருக்கிறது என்பது முதலில். கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்பது அடுத்து. அதன்பிறகுதான் வடிவம், வடிவத்துக்குப் பிறகு அதைச் செல் எப்படிப் படிக்கிறது, கடைசியில் அது பிள்ளைக்கு எப்படிப் போகிறது. ஏணிப் படம் மூன்றாம் வாரத்துக்கு முன்னால் வரவே வேண்டாம்.

வாரம் இரண்டு வகுப்பு, வகுப்புக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தால் ஆறு வாரம் ஆகும். 9 முதல் 14 வயது வரை இது பொருந்தும். அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு வெங்காயத் தோலும் பட்டாணிச் சோதனையும் போதும். ஐந்தாம் வாரத்தின் சங்கேத எழுத்துப் பகுதியைப் பன்னிரண்டு வயதுக்கு முன் அவசரப்படுத்த வேண்டாம்.

முதல் வாரம்: செல்லையும் உட்கருவையும் பார்ப்பது

ஒரு நுண்ணோக்கி வேண்டும். பள்ளி மாணவர்களுக்கான சாதாரண நுண்ணோக்கி போதும். காகிதத்தில் மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப்பிலும் உட்கரு தெரியும், அது ஏறக்குறைய 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

பெரிய வெங்காயத்தை நான்காக வெட்டி ஓர் இதழைப் பிரித்தால், அதன் குழிந்த உள்பக்கத்தில் கண்ணாடி போல ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதை நகத்தால் கிளப்பி, அரை சென்டிமீட்டர் சதுரத்துக்கு வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து வையுங்கள். மருந்துக்கடை டிஞ்சர் அயோடினோ பெட்டாடினோ ஒரு சொட்டு எடுத்து, ஐந்து சொட்டுத் தண்ணீரில் கலந்து, அதில் ஒரு சொட்டைத் தோலின்மேல் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் கழித்து மூடு கண்ணாடியைச் சாய்வாகப் பிடித்து மெல்ல இறக்குங்கள். நேராக மேலிருந்து வைத்தால் காற்றுக் குமிழ் சிக்கிக்கொள்ளும்.

பிள்ளைகள் இங்கே தவறாமல் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கறுப்பு விளிம்போடு பளிச்சென்று வட்டமாகத் தெரியும் காற்றுக் குமிழைக் காட்டி "இதுதான் உட்கரு" என்பார்கள். உட்கரு அவ்வளவு பளிச்சென்று இருக்காது. செங்கல் அடுக்கியதுபோல் தெரியும் அறைகளுக்குள், பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி, மஞ்சள் கலந்த பழுப்பில் சிறு புள்ளியாக இருக்கும். ஓர் அறைக்கு ஒன்றுதான். ஓர் அறைக்குள் இரண்டு தெரிந்தால் தோல் மடிந்து இரண்டு அடுக்காகக் கிடக்கிறது என்று பொருள். புதிதாக ஒரு துண்டு எடுத்து விரியுங்கள்.

பார்த்ததை வரையச் சொல்லுங்கள். புத்தகப் படத்தைப் பார்த்து வரைய விடாதீர்கள். கண்ணில் பட்ட ஐந்தாறு அறைகளை, உட்கரு எந்த ஓரத்தில் இருந்ததோ அந்த ஓரத்திலேயே வரைய வேண்டும். டிஎன்ஏயில் பெரும்பகுதி அந்தப் புள்ளிக்குள் இருக்கிறது என்பதை அப்போது சொல்லுங்கள்.

அளவு பற்றி ஒரு கணக்கு

மனித செல் ஒன்றின் டிஎன்ஏ முழுவதையும் நீட்டி முனைக்கு முனை வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர். அது அடங்கும் உட்கருவின் விட்டம் ஏறக்குறைய 6 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. இந்த எண்களை அப்படியே சொன்னால் குழந்தைக்கு ஒன்றும் தோன்றாது. கையில் ஒரு கிரிக்கெட் பந்தைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பந்தின் விட்டம் ஏறக்குறைய 7.2 செ.மீ. உட்கருவை அந்த அளவுக்குப் பெரிதாக்க 12,000 மடங்கு ஆக்க வேண்டும். அதே மடங்கில் டிஎன்ஏ 24 கிலோமீட்டர் நூலாகும். அந்த நூலின் தடிமன் 0.024 மி.மீ., தலைமுடியைவிட மெலிது. அது ஒரே நூலும் அல்ல, 46 துண்டுகள். சராசரியாக ஒவ்வொன்றும் அரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். அத்தனையும் ஒரு பந்துக்குள்.

"சிக்கல் விழாதா?" என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் ஒரு தீப்பெட்டியையும் 10 மீட்டர் தையல் நூலையும் கொடுங்கள். நூலில் ஓரிடத்தில் மையால் குறி வையுங்கள். முதலில் நூலைக் கசக்கித் திணித்து, பிறகு குறியிட்ட இடத்தை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பதற்குள் முடிச்சு விழுந்துவிடும். அடுத்த முறை நூலைச் சிறு ஈர்க்குத் துண்டுகளில் வரிசையாகச் சுற்றி அடுக்கட்டும். செல்லிலும் இப்படித்தான். ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றித்தான் டிஎன்ஏ அடுக்கப்படுகிறது. ஓர் உருண்டையைச் சுற்றியிருக்கும் நீளம் 147 எழுத்துச் சோடிகள், அதாவது மூன்றாம் வாரத்தில் கட்டப்போகும் ஏணியின் 147 படிகள். இப்படி அடுக்கிய அந்த 46 துண்டுகளில் ஒவ்வொன்றும் ஒரு குரோமோசோம். அந்தப் பெயரை இந்த இடத்தில் அறிமுகப்படுத்தினால் அது வெறும் பெயராக இராது.

இரண்டாம் வாரம்: பட்டாணியிலிருந்து டிஎன்ஏ எடுப்பது

இந்தச் சோதனையைப் பெரும்பாலும் வாழைப்பழத்தில் செய்யச் சொல்வார்கள். முதல் முறைக்குப் பட்டாணியே மேல். வாழைப்பழத்திலும் மற்ற பழங்களிலும் பெக்டின் நிறைய இருக்கிறது. ஜாமை இறுகச் செய்யும் அந்தப் பொருளும் ஆல்கஹாலில் வெள்ளையாகத் திரண்டு மிதக்கும். பாதிப் பெக்டினைக் காட்டி "இதோ டிஎன்ஏ" என்று சொல்லிவிட நேரும். பட்டாணியில் அந்தத் தொல்லை குறைவு.

தேவையானவை: பச்சைப் பட்டாணி 100 கிராம். காய்ந்த முழுப் பட்டாணி என்றால் 50 கிராமை முந்தைய இரவே ஊறவையுங்கள். தண்ணீரில் பச்சை நிறம் இறங்கினால் அது சாயம் போட்டது, வேறு கடையில் வாங்குங்கள். உப்பு அரை டீஸ்பூன், ஐஸ் போட்டுக் குளிர்வித்த தண்ணீர் 200 மி.லி., பாத்திரம் தேய்க்கும் லிக்விட், புதிதாகப் பிழிந்த அன்னாசிச் சாறு இரண்டு டீஸ்பூன், மிக்ஸி, டீ வடிகட்டி, உயரமான ஒடுங்கிய கண்ணாடி டம்ளர், ஈர்க்குச்சி. டின்னில் அடைத்த அன்னாசிச் சாறு உதவாது. சூடாக்கி அடைப்பதால் அதிலுள்ள நொதி செத்துப்போயிருக்கும்.

ஆல்கஹால்தான் வீட்டில் இல்லாத பொருள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைகளில் 'ஐபிஏ' என்ற பெயரில் கிடைக்கும், சர்க்யூட் போர்டு துடைக்க வாங்குவார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இருப்பவர்களுக்கு 91 அல்லது 99 சதவீதம் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். சானிடைசர் ஜெல் வேண்டாம், அதிலுள்ள பசை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கினால் லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். 90-க்குக் குறைந்தால் விளைவு மங்கலாக இருக்கும்.

ஆல்கஹாலை ஊற்றுவது பெரியவர் வேலை. அது சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் விளக்கும் அணைந்திருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சில ஸ்பிரிட்டுகளில் மெத்தனால் கலந்திருக்கும், ஒரு வாய் போனாலும் ஆபத்து. குடிக்கும் டம்ளரில் இந்தச் சோதனையைச் செய்தால் அந்த டம்ளர் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது. குளிர்விக்க ஃப்ரீசரில் வைப்பதைவிட, இறுக மூடிய பாட்டிலை ஐஸ் தண்ணீர் நிறைந்த வாளியில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பது பாதுகாப்பு.

செய்முறை:

1. பட்டாணி, உப்பு, குளிர்ந்த தண்ணீர் மூன்றையும் மிக்ஸியில் போட்டு 10 முதல் 15 விநாடி அடியுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

2. டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். பச்சை நிறக் கலங்கல் தண்ணீர் 150 மி.லி. போலக் கிடைக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 30 மி.லி. பிரித்துக் கொடுங்கள்.

3. ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு டீஸ்பூன் லிக்விட் விட்டு, நுரை எழாமல் மெதுவாகச் சுழற்றி, 10 நிமிடம் அப்படியே வையுங்கள்.

4. அரை டீஸ்பூன் அன்னாசிச் சாறு விட்டு ஓரிரு முறை மட்டும் கலக்கி, இரண்டு நிமிடம் பொறுங்கள்.

5. டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, குளிர்ந்த ஐபிஏ 30 மி.லி.யை உள்சுவர் வழியே கசிய விடுங்கள். கீழே பச்சை, மேலே தெளிவு என்று இரண்டு அடுக்காக நிற்க வேண்டும். எத்தனால் என்றால் அளவை இரட்டிப்பாக்குங்கள்.

6. ஆட்டாமல் வையுங்கள். இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில் வெண்மையான இழைகள் கிளம்பிக் குமிழ்களோடு மேலே ஏறும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் ஈர்க்குச்சியால் ஒரே திசையில் சுற்றி எடுக்கலாம்.

காத்திருக்கும் பத்து நிமிடத்தில்தான் காரணங்களைப் பேச வேண்டும். செல்லின் சவ்வும் உட்கருவின் சவ்வும் கொழுப்பால் ஆனவை, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் சோப்பு அவற்றையும் கரைக்கிறது. டிஎன்ஏ முழுக்க எதிர் மின்னேற்றம் கொண்டது, அதனால் இழைகள் ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் அந்த மின்னேற்றத்தை மறைப்பதால் இழைகள் நெருங்கித் திரள முடிகிறது. அன்னாசியின் நொதி, டிஎன்ஏயோடு ஒட்டியிருக்கும் புரதத்தை வெட்டுகிறது. டிஎன்ஏ தண்ணீரில் கரையும், ஆல்கஹாலில் கரையாது, ஆகவே எல்லையில் திரண்டு வெளிவருகிறது. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டியது, டிஎன்ஏயை வெட்டும் நொதிகளும் பட்டாணிக்குள்ளேயே இருப்பதால். குளிரில் அவை மந்தமாகிவிடும்.

கூடவே இன்னொரு டம்ளரில் பட்டாணி இல்லாமல் உப்புத் தண்ணீர், லிக்விட், சாறு, ஆல்கஹால் மட்டும் சேர்த்துப் பாருங்கள். ஒப்பிட ஒன்று இருந்தால்தான் இது சோதனை, இல்லாவிட்டால் வேடிக்கை காட்டுவதோடு நின்றுவிடும். இந்த ஒரு பழக்கம் படிந்தால் பாடத்தில் பாதி வெற்றி.

கெடுவது எங்கே? இழையே வரவில்லை என்றால் பெரும்பாலும் ஆல்கஹால் வீரியம் குறைந்தது, அல்லது குளிரவில்லை, அல்லது மிக்ஸியில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. அடுக்கு நிற்காமல் எல்லாம் கலங்கிப்போனால் மேலிருந்து வேகமாக ஊற்றியிருக்கிறார்கள். அதை மீட்க முடியாது, மிச்சமிருக்கும் சாற்றில் திரும்பச் செய்யுங்கள். நீள இழைக்குப் பதில் தூள்தூளாக மிதந்தால் மிக்ஸி அதிக நேரம் ஓடியிருக்கும். டிஎன்ஏ அவ்வளவு நீளமான மூலக்கூறு என்பதாலேயே அலைத்தால் அறுந்துபோகும். அடியில் வெள்ளைப் பொடியாகப் படிந்தால் அது உப்பு. நுரை மேலே படர்ந்திருந்தால் ஸ்பூனால் வழித்துவிட்ட பிறகே ஆல்கஹாலை ஊற்றுங்கள்.

எடுத்த இழையைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். அது சுத்தமான டிஎன்ஏ அல்ல. டிஎன்ஏயின் உறவு மூலக்கூறான ஆர்என்ஏயும் கொஞ்சம் புரதமும் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணில் தெரிவது ஒரு மூலக்கூறும் அல்ல, கோடிக்கணக்கான இழைகள் சேர்ந்த திரள். ஏணி வடிவம் இதில் எந்தப் பூதக்கண்ணாடியிலும் தெரியாது. 1869-ல் ஜெர்மனியின் டியூபிங்கனில் ஃபிரெடரிக் மீஷர், மருத்துவமனைக் கட்டுத்துணிகளில் இருந்த சீழிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவிலிருந்து எடுத்ததும் இப்படிப்பட்ட கலவைதான். அவர் அதற்கு நியூக்ளின் என்று பெயர் வைத்தார். அவர் வேலை செய்த ஆய்வகம் ஒரு கோட்டையின் பழைய சமையலறை என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

இழையைச் சிறு மருந்துக் குப்பியில் ஆல்கஹாலோடு மூடி வைத்தால் பல மாதம் இருக்கும். குப்பியில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

மூன்றாம் வாரம்: ஏணியைக் கட்டுவது

கடையில் விற்கும் மாதிரி வேண்டாம். விதியை முதலில் சொல்லாமல், பிள்ளையே கண்டுபிடிக்கும்படி பொருளை வெட்டிக் கொடுத்தால் இந்த வகுப்பு மிக நன்றாக அமையும்.

காகித ஸ்ட்ராவை இரண்டு நீளத்தில் வெட்டுங்கள்: 6 செ.மீ.யில் 11, 4 செ.மீ.யில் 11. டிஎன்ஏயின் எழுத்துகள் நாலு: அடினின் (ஏ), தைமின் (டி), குவானின் (ஜி), சைட்டோசின் (சி). அடினினும் குவானினும் பெரிய மூலக்கூறுகள், அவற்றுக்கு 6 செ.மீ. துண்டு. தைமினும் சைட்டோசினும் சிறியவை, அவற்றுக்கு 4 செ.மீ. நாலுக்கும் நாலு நிறம். ஒவ்வொரு துண்டின் ஒரு முனையில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள். அடினினுக்கும் தைமினுக்கும் இரண்டு புள்ளி, குவானினுக்கும் சைட்டோசினுக்கும் மூன்று. இவை ஹைட்ரஜன் பிணைப்புகள், அதாவது ஒரு சோடியின் இரு எழுத்துகளையும் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய பிணைப்புகள்.

"ஏணியின் எல்லாப் படியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். எதை எதோடு சேர்ப்பாய்?" என்று மட்டும் கேளுங்கள். பெரியதோடு பெரியதைச் சேர்த்தால் 12 செ.மீ., ஏணி புடைக்கும். சிறியதோடு சிறியது 8, ஏணி ஒடுங்கும். பெரியதும் சிறியதுமாகத்தான் 10 வரும். இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அடினினோடு சைட்டோசினும் 10 செ.மீ. தானே? அகலம் சரி, ஆனால் இரண்டு புள்ளி மூன்று புள்ளியோடு பொருந்தாது. இந்தக் கட்டத்தைத் தானே கடந்த பிள்ளை ஏ-டி, ஜி-சி என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பிறகு வேதியியலாளர் எர்வின் சார்காஃப் 1950 வாக்கில் வெளியிட்ட அளவுகளைக் காட்டலாம். மனித டிஎன்ஏயில் அடினின் ஏறக்குறைய 30 சதவீதம், தைமினும் 30. குவானின் 20, சைட்டோசினும் 20. "ஏன் இப்படிச் சோடி சோடியாகச் சமமாக இருக்கிறது?" என்று கேளுங்கள். கையிலிருக்கும் ஸ்ட்ராவே பதில்.

சோடிகளை உள்ளே ஒரு பல்குத்தும் குச்சி விட்டு இணைத்தால் 10 செ.மீ. படிகள் பதினொன்று கிடைக்கும். இனி கட்டுக்கம்பி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மெல்லிய கம்பியை 70 செ.மீ. நீளத்தில் இரண்டு வெட்டி, கூர்முனைகளை மடக்கிவிடுங்கள். படியின் முனையில் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு சொட்டுப் பசை வைத்து, அடுத்த படிக்கு 3.5 செ.மீ. இடைவெளி விட்டுப் போங்கள். தட்டையாகக் கிடக்கும்போது ஏணி 35 செ.மீ. உயரம். பசை நன்றாகக் காய்ந்தபின், கீழ்ப்படியை ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு படியையும் முந்தைய படியிலிருந்து 36 டிகிரி திருப்புங்கள். பதினோராவது படி முதல் படிக்கு நேர் மேலே வந்து நிற்கும்போது ஒரு முழுச் சுற்று முடிந்தது. உயரம் இப்போது ஏறக்குறைய 17 செ.மீ.தான். அகலம் 10, சுற்றுக்கு உயரம் 17. உண்மையான டிஎன்ஏயில் அகலம் 2 நானோமீட்டர், ஒரு சுற்றின் உயரம் 3.4 நானோமீட்டர், சுற்றுக்கு ஏறக்குறைய பத்துச் சோடி. அளவு விகிதம் ஏறக்குறைய பொருந்துகிறது.

எந்தப் பக்கம் திருப்புவது? இதில்தான் அச்சிட்ட படங்களிலேயே பிழை மலிந்து கிடக்கிறது. ஏணியை நிமிர்த்திப் பிடித்தால், முன்பக்கம் தெரியும் கம்பி கீழே இடப்புறத்திலிருந்து மேலே வலப்புறம் நோக்கி ஏற வேண்டும். அதுதான் வலச்சுருள். மறுபக்கம் ஏறினால் இடச்சுருள், பிரித்துத் திருப்பிச் செய்யுங்கள். மாதிரியைத் தலைகீழாகப் பிடித்தாலும் சுருளின் திசை மாறாது என்பதைப் பிள்ளைகள் தாங்களே பிடித்துப் பார்க்கட்டும்.

இரண்டு கம்பிகளிலும் எதிரெதிர்த் திசையில் அம்புக்குறி ஒட்டுங்கள். இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. கம்பி என்பது சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறி வரும் முதுகெலும்பு என்பதையும் சொல்லிவிட்டால் போதும். வேதியியல் பெயர்களைக் கூட்ட வேண்டாம்.

நான்காம் வாரம்: எக்ஸ் குறி

மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாது என்றால் வடிவம் எப்படித் தெரிந்தது? கேள்வி வரும், வர வேண்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1952 மே மாதம் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் ரேமண்ட் காஸ்லிங் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் பெரிய தடயம். அதில் புள்ளிகள் எக்ஸ் வடிவில் நின்றன. அந்தப் படத்தையும் ஃபிராங்க்ளினின் அளவுகளையும் ஃபிராங்க்ளின் அறியாமலே பார்க்க நேர்ந்த கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வாட்சனும் கிரிக்கும் 1953-ல் மாதிரியைக் கட்டி வெளியிட்டார்கள். ஃபிராங்க்ளின் 1958-ல் காலமானார். 1962-ன் நோபல் பரிசு வாட்சன், கிரிக், கிங்ஸ் கல்லூரியின் வில்கின்ஸ் மூவருக்கும் போயிற்று. பிள்ளைகளிடம் இதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அறிவியல் எப்படி நடக்கிறது என்பதும் பாடம்தான்.

அந்த எக்ஸை வீட்டுச் சுவரில் கொண்டுவரலாம். அழுத்தினால் ரீஃபில் வெளிவரும் பேனாவின் ஸ்பிரிங்கும் சிவப்பு லேசர் பாயிண்டரும் போதும். ஸ்பிரிங்கைக் களிமண்ணில் நட்டு, லேசரை ஒன்றிரண்டு மீட்டர் பின்னால் அசையாமல் வைத்து, ஒளி ஸ்பிரிங்கின் நடுவில் படும்படி செய்யுங்கள். அறை நல்ல இருட்டாகவும், சுவர் 3 முதல் 5 மீட்டர் தள்ளியும் இருக்கட்டும். சுவரில் குறுக்குக்கோடுகளாக ஓர் எக்ஸ் விரியும், அதன் கைகளில் ஒளியும் இருளும் மாறி மாறித் தெரியும். ஒரு கோடு மட்டும் தெரிந்தால் ஒளி ஒரே ஒரு வளைவில் படுகிறது, லேசரை இன்னும் பின்னால் தள்ளுங்கள். நேரான கம்பியில் ஒளி பட்டால் கம்பிக்குச் செங்குத்தாக ஒற்றைக் கோடு வரும். ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு சாய்வுகளில் கம்பி ஓடுகிறது, அதனால் இரண்டு கோடு, இரண்டும் சேர்ந்து எக்ஸ். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் எக்ஸின் கோணம் மாறும். கோணத்தை அளந்தே சுருளின் சாய்வைச் சொல்லலாம். ஃபிராங்க்ளின் செய்ததும் அதுதான், ஒளிக்குப் பதில் எக்ஸ்-கதிர்.

லேசர் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். 1 மில்லிவாட்டுக்குக் குறைந்தது வாங்குங்கள். எவர் கண்ணிலும் பளபளப்பான பரப்பிலும் ஒளி படக்கூடாது.

ஐந்தாம் வாரம்: எழுத்தைப் படிப்பது

நாலே எழுத்தை வைத்து என்ன எழுத முடியும்? தமிழில் 247 எழுத்து. ஏ, டி, ஜி, சி என்ற நாலு குறியை மட்டும் வைத்து 247-க்கும் தனித்தனிச் சங்கேதம் கொடுக்க எத்தனை குறி சேர்க்க வேண்டும் என்று கேளுங்கள். ஒரு குறி என்றால் 4, இரண்டு சேர்த்தால் 16, மூன்று சேர்த்தால் 64, நாலு சேர்த்தால் 256. ஆக நாலு வேண்டும். இப்போது செல்லின் கணக்கு: புரதம் கட்ட 20 வகை அமினோ அமிலம். இரண்டு குறி போதாது, மூன்று தாராளம். மூன்றெழுத்துச் சொற்கள் என்ற முடிவைப் பிள்ளை தானே எட்டிவிடும். மீதமிருக்கும் சொற்கள் என்னவாயின என்றும் கேட்கும். ஒரே அமினோ அமிலத்துக்குப் பல சொற்கள் இருக்கின்றன, மூன்று சொற்கள் "இங்கே நிறுத்து" என்பதற்கு.

கணக்கு சரி, நிரூபணம் எங்கே? இன்று பாகிஸ்தானில் இருக்கும் பஞ்சாப் கிராமம் ஒன்றில் பிறந்த ஹர் கோபிந்த் குரானாவின் சோதனையைக் காகிதத்திலேயே செய்யலாம். டிஎன்ஏயிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏயில் 'டி'க்குப் பதில் 'யு' வரும் என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஒரு நீளக் காகிதப் பட்டையில் யு-சி-யு-சி-யு-சி என்று எழுதி, கத்தரியைக் கொடுங்கள். இரண்டிரண்டாக வெட்டினால் எல்லாத் துண்டும் ஒன்றே. ஒரே அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வர வேண்டும். மூன்று மூன்றாக வெட்டினால் யு-சி-யு, சி-யு-சி என்று இரண்டு சொல் மாறி மாறி வரும். அவர் ஆய்வகத்தில் செய்த ஆர்என்ஏயிலிருந்து செரினும் லூசினும் மாறி மாறி வந்த சங்கிலியே கிடைத்தது. இதற்காகவும் இதைப் போன்ற வேலைகளுக்காகவும் 1968-ல் நீரன்பர்க், ஹோலி இருவரோடு நோபல் பெற்றார். இந்தச் சொற்களைப் படித்துப் புரதம் கட்டும் கருவி ரைபோசோம். அதன் அமைப்பை ஆராய்ந்து 2009-ல் நோபல் பெற்ற மூவரில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் ஒருவர்.

அதே பட்டையில் ஓர் எழுத்தை மட்டும் நடுவில் நுழைத்து மறுபடி வெட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வரும் சொற்கள் எல்லாம் குலைந்துபோவதைக் காட்ட இதைவிட நேரான வழி இல்லை.

ஆறாம் வாரம்: பிள்ளைக்குப் போவது

ஒரு புரதத்துக்கான செய்தி எழுதிய டிஎன்ஏ பகுதியை மரபணு என்கிறோம். ஒரு மரபணுவுக்குத் தாயிடம் இரண்டு பிரதி, தந்தையிடம் இரண்டு பிரதி, பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்று. இரண்டு காசு போதும். தலை என்றால் உருண்டைப் பட்டாணிக்கான பிரதி, பூ என்றால் சுருங்கியதற்கானது. இரண்டும் பூ விழுந்தால் மட்டும் சுருக்கம். 16 முறை சுண்டினால் பெரும்பாலும் 12-க்கு 4 வராது, பிள்ளை சோர்ந்துபோகும். 100 முறை சுண்டி, எல்லார் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். பட்டாணிச் செடிகளில் மரபுப் பண்புகளை ஆராய்ந்த கிரெகர் மெண்டல் 7,324 விதைகளை எண்ணினார்: 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். அவருக்கும் சரியாக 3-க்கு 1 வரவில்லை, 2.96-க்கு 1 வந்தது.

சுருக்கம் ஏன்? மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டும் நொதிக்கான மரபணுவுக்குள் ஏறக்குறைய 800 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று புகுந்துகொண்டது. நொதி வேலை செய்யாததால் விதையில் சர்க்கரை தேங்கி, அது தண்ணீரை அதிகம் இழுத்து, காயும்போது சுருங்குகிறது. எழுத்து மாறினால் உருவம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்தப் பாடத்துக்குக் கிடையாது. காசு சுண்டிய கையோடு சொல்லுங்கள்.

நாக்கைச் சுருட்டுவது, காது மடல் ஒட்டியிருப்பது என்று வீட்டாரை வைத்து அட்டவணை போடும் பயிற்சி பல புத்தகங்களில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். அவை ஒரே மரபணுவால் முடிவாகும் பண்புகள் அல்ல. கண் நிறமும் தோல் நிறமும் பல மரபணுக்கள் சேர்ந்த விஷயம். தவறான பாடம் என்பதோடு, "அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இல்லாதது எனக்கு எப்படி?" என்று ஒரு குழந்தை வீணாகக் கலங்கும். தத்தெடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். பட்டாணியோடு நில்லுங்கள்.

வரப்போகும் கேள்விகள்

"வாழைப்பழம் தின்றால் அதன் டிஎன்ஏ எனக்குள் சேருமா?" குடலிலுள்ள நொதிகள் அதை அறுத்துச் சிறு துண்டுகளாக்கிவிடும். நாம் தினமும் தின்னும் காய், கீரை, சோறு எல்லாவற்றிலும் டிஎன்ஏ இருக்கிறது.

"பெரிய உயிருக்குக் குரோமோசோம் அதிகமா?" இல்லை. மனிதனுக்கு 46, நாய்க்கு 78, பட்டாணிக்கு 14, நெல்லுக்கு 24, உருளைக்கிழங்குக்கு 48. இந்த எண்களை ஒரு தாளில் கலைத்து எழுதி, எது எதற்கு என்று ஊகிக்கச் சொன்னால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

"ரத்தம் முழுக்க டிஎன்ஏவா?" மனிதனின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை. ரத்தப் பரிசோதனையில் டிஎன்ஏ கிடைப்பது வெள்ளணுவிலிருந்து.

"என்னுடையதை எடுக்க முடியுமா?" முடியும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, அதில் ஒரு மேசைக்கரண்டி வாயில் ஊற்றிக் கன்னத்தின் உள்பக்கம் உரசும்படி ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒரு சொட்டு லிக்விட் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் குளிர்ந்த ஐபிஏயைச் சம அளவு ஓரமாக விடுங்கள். பட்டாணியில் வந்ததைவிட மிகக் குறைவாக, மெல்லிய இழையாக வரும், கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்தால்தான் தெரியும். சாப்பிட்டவுடன் செய்தால் உணவுத் துணுக்குகள் கலந்துவிடும், வாய் கழுவி அரை மணி நேரம் கழித்துச் செய்யட்டும். ஆளுக்கு ஒரு டம்ளர். ஒருவர் துப்பியதை இன்னொருவர் தொட வேண்டாம். முடிந்ததும் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுநீர்த் தொட்டியில் விட்டுவிடலாம்.